பதினொரு விநாடி

மருதானையில் நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை.
வயோதிபர் பயணத் திட்டத்துக்குப்
படியேறித்தான் வேலைக்கு வருகிறேன்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில்
கொள்கலன் எண்ணியவன்.
இப்போது எண்ணுவது ஆட்களை:
நூறாம் இலக்க பஸ்ஸின் முன்வாசல் கமரா,
பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை வரை,
ஒலி இல்லை.
அறுபதைத் தாண்டியவர் என்று தோன்றினால்
சுற்றிவர மஞ்சள் பெட்டி ஒன்று கீறவேண்டும்.
கால் மிதிபலகையில் பட்டதும் ஒரு சொடுக்கு,
கை கம்பியைப் பிடித்ததும் இன்னொன்று.
மிச்சத்தை இயந்திரம் கற்றுக்கொள்ளும்
என்கிறாள் ஷிப்னா, எங்கள் மேற்பார்வையாளர்,
இருபத்தாறு வயது,
கேளாமலே என் திரையில் மட்டும்
எழுத்தைப் பெரிதாக்கி வைத்தவள்.

ஒலி இல்லாவிட்டாலும் எனக்குக் கேட்கிறது.
'நகின்ன, நகின்ன' என்று அசையும் கொண்டக்டரின் வாய்,
தகரத்தில் தட்டும் உள்ளங்கை.
வெள்ளவத்தையில் ஒருவர்
எக்ஸ்ரே உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறுகிறார்.
வலது கால் மேலே.
இடது கால் இன்னும் காலி வீதியில்.
பஸ் நகர்கிறது.
அந்த இடைவெளியில்
அவர் எந்தத் தரிப்பிலும் இல்லை.

உறையை இயந்திரம் 'பொதி' என்றது.
'நோயாளி' என்று திருத்தினேன்.
அப்படியொரு சொல் பட்டியலில் இல்லையாம்.
'வேறு' என்று போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன்.

பழைய பழக்கம், கூட்டிப் பார்த்தேன்.
ஏற எடுப்பது பதினொரு விநாடி.
பஸ் நிற்பது நாலு.
ஏழு விநாடி யாருடைய கணக்கில்?
துறைமுகத்தில் ஒரு பெட்டி குறைந்தால்
கடிதம் போகும், யாராவது கையெழுத்து வைப்பான்.
சாரதியைத் திட்டவும் மனம் வரவில்லை.
முதுகுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தபடி நூற்றியொன்று,
இரவு முதலாளியின் கையில் வைக்கவேண்டிய தொகை.

செவ்வாய்க்கிழமைக் கோப்பு. பம்பலப்பிட்டி.
நீலச் சேர்ட், பிளாஸ்டிக் பை, ஒரு பக்கம் சரிந்த தோள்.
நான் தொடுமுன்பே பெட்டி விழுந்தது.
இயந்திரம் தானாகவே கீறிய முதல் பெட்டி.
'முதியவர். எண்பத்துமூன்று வீதம்.'

நான்தான்.

மிச்சப் பதினேழு வீதம் இளந்தாரி என்று
சிரித்துக்கொண்டே அழிக்கப் போனேன்.
வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.
அந்த மனிசன் கையை நீட்டுகிறான்.
கம்பிக்கு ஒரு சாண் இப்பால் காற்றைப் பிடிக்கிறான்.
திரும்பவும் நீட்டுகிறான்.
பின்னால் நின்ற பெடியன் ஒருவன்,
போனிலிருந்து கண் எடுக்காமல்,
அவன் முழங்கையைத் தாங்கி மேலே விடுகிறான்.

எனக்குத் தெரியாது.
நானாக ஏறினேன் என்றுதான்
இவ்வளவு நாளும் இருந்தேன்.

பெட்டியை விட்டுவிட்டேன்.
பெடியனைச் சுற்றியும் ஒன்று கீறினேன்.
'தில்லை அங்கிள், இது என்ன வகை?'
'இவன் இல்லாத நாளில் பதினைந்து விநாடி, பிள்ளை.
அதையும் அதுக்குச் சொல்லிக்கொடு.'
நகத்தைக் கடித்தபடி நின்றாள்.
பிறகு பட்டியலில் ஒரு புது வரி திறந்தாள்.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வரும் மாதம் பத்து பஸ்களில்
சாரதியின் கண்ணுக்கு நேரே ஒரு சின்ன விளக்கு:
கடைசிக் கால் உள்ளே வரும்வரை சிவப்பு.
சரிவருமோ தெரியாது.
மழை நாளில் அது குடையை
முகம் என்று நினைக்கிறது.

ஐந்து மணிக்கு இறங்கிப்
புறக்கோட்டை வரை நடந்தேன்.
நூறு வந்தது. இதில் கமரா உண்டோ, இல்லையோ,
வாசலுக்கு மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக்
காலை வைத்தேன், வாய்க்குள் எண்ணியபடி.
எட்டு, ஒன்பது.
பஸ் உறுமியது.
பத்து. கம்பி கையில்.
பதினொன்றை
உள்ளே போய்த்தான் சொன்னேன்.