முக்கோணத்துக்குள் பதினோரு ராத்திரி

நீடாமங்கலம் தாண்டி மேற்கே
கொள்முதல் நிலையத்தின் தகரச் சுவரில்
பழுப்புக் காகிதம் ஒட்டிப் படம் போட ஆரம்பித்தேன்.
பெட்டி என்றால் வேலை.
அம்பு என்றால் அடுத்தது.
சாய்சதுரம் என்றால் கேள்வி.
பதிவு, டோக்கன், இறக்குதல், தூற்றுதல், ஈரம்,
எடை, தையல், அடுக்கு, லாரி.
மஞ்சள் ஒட்டுத்தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

காத்திருப்புக்கு என் முறையில்
ஒரு சின்ன முக்கோணம்.
உள்ளே நாள் எழுத வேண்டும்.
பட்டியல் எழுத்தர் தவச்செல்வி
பதிவேட்டைப் புரட்டி “ரெண்டு” என்றார்.
குவியலோரம் குந்தியிருந்த குஞ்சம்மாள்
“பதினொண்ணு. ராத்திரியையும் எழுதுங்க” என்றார்.
பதிவேடு டோக்கனிலிருந்து எண்ணுகிறது.
குஞ்சம்மாள் டிராக்டரிலிருந்து.
இரண்டையும் எழுதினேன்,
முக்கோணம் பிதுங்கியது.

ஈரம் பதினேழுக்குள்ளா?
ஆம் என்றால் வலப்பக்கம், எடைக்கு.
இல்லை என்ற அம்பு கீழே இறங்கி
காகிதம் முடிகிற இடத்தில் நின்றது.
“இது எங்கே போகுது?”
சுமை தூக்கும் பிலவேந்திரன்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
“ரோட்டுக்கு” என்றார்.
ரோடு எந்தத் துறை?
அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு யார்?
தஞ்சாவூர் பஸ் ஒன்று
காயும் நெல்லின் மேல் ஏறி
பதில் சொல்லாமல் போனது.

நாலரைக்கு மழை.
அதற்கு என்னிடம் குறியீடே இல்லை.
தார்ப்பாயின் ஒரு முனை
எப்படியோ என் கையில் இருந்தது.
எல்லாரும் இழுத்தார்கள், நானும் இழுத்தேன்,
என் செருப்பு ஒன்று வாய்க்காலோடு போயிற்று.

திரும்பி வந்தால்
ஒட்டுத்தாளெல்லாம் தரையில்.
பிலவேந்திரன் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்.
டோக்கனுக்கும் முன்னால் ஈரம்.
“அண்ணே, அது இடம் மாறிடுச்சு.”
“மாறல. வண்டியிலயே குத்திப் பாருங்க.
ஈரம்னா இறக்கவே வேணாம்.
இறக்கி ஏத்துற கூலி அவங்களுக்கு மிச்சம்.”
கொஞ்ச நேரம் கழித்து,
“எனக்கு அந்தக் கூலி போவும்.
அதையும் எங்கயாச்சும் எழுதிக்குங்க.”

எங்கேயாவது.
அம்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
மூட்டைக்கு இரண்டு தடவை, பிலவேந்திரன்.

மாவட்டக் கூட்டத்தில் படம் திரையேறியது.
நல்லா இருக்கு என்றார்கள்.
அந்தக் கிறுக்கலை மட்டும்
எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார்கள்.
எடுத்துவிட்டு அனுப்பினேன்.

தையில் ஒருமுறை போனேன்.
ஈரமானி இப்போது புளியமரத்தடியில்,
வண்டிகள் நிற்கிற இடத்தில்.
தவச்செல்வி டிரெய்லர்மேல் ஏறி
மூட்டையில் குத்தினார்.
பதினெட்டு புள்ளி இரண்டு.
ஒரு சாக்கும் இறங்கவில்லை.
ஐந்தே நிமிடம்.
பிலவேந்திரன் சும்மா உட்கார்ந்திருந்தார்.
குஞ்சம்மாள் டிரைவரிடம் கையைக் காட்ட
வண்டி திரும்பியது,
ரோட்டுக்கு.

அந்த அம்புக்குக் கீழே
இன்னொரு காகிதம் ஒட்ட வேண்டும்.
தகரம் அங்கே முடிந்துவிடுகிறது.
அப்புறம் வரப்பு.