அறுபது பாகை

கண்ணுக்குத் தெரியாது, என்றார் டொக்டர்.
எட்டுக் கால். கடிக்காது.
நாங்கள் உதிர்த்த தோலைத்தான் தின்னும்.
தின்று கழிப்பதை மூச்சில் இழுத்துத்தான்
உங்கட பிள்ளைக்கு முட்டு.

மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதினார்.
வாரம் ஒருக்கா சுடுதண்ணி, அறுபது பாகை.
கம்பளி வேண்டாம். தும்புத்தடி வேண்டாம், ஈரத்துணி.
பழைய தலையணை ஏதும் இருந்தால்
எறிந்துவிடுங்கோ.

சீனக்குடா மா ஆலையில் எனக்கு வேலை.
எட்டு மணித்தியாலம் கோதுமைத் தூசிக்குள் நின்று
புருவம் நரைத்து பஸ் ஏறுகிறவன்.
தூசி என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும் என்றுதான் இருந்தேன்.

ஈரம் குடித்து வளருமாம்.
போத்தலுக்குள் உப்பே கசிகிற ஊர் இது.
கடலை எங்கே கொண்டுபோய் வைப்பது?
ஆடிமாதம் என்றபடியால் தப்பினேன்.
கச்சான் காற்று கதவை அறைந்தபடி வர
சனிக்கிழமை மெத்தையை முற்றத்துக்கு இழுத்தேன்.
இழுத்த வழியெல்லாம் வெயிலில்
மினுங்கிக்கொண்டு எழும்பியது,
நாங்கள்தான்.

தண்ணியைக் கொதிக்க வைத்துவிட்டு
அறுபதை எதால் அளப்பது என்று தெரியாமல்
மஸ்கட்டுக்கு அழைத்தேன்.
சுகந்தினி சிரித்தாள்.
விரலை வை. ஒன்று என்று சொல்லி முடிக்க முதல்
கை தானாக வெளியே வந்தால் அறுபது.
ஒரு நாளைக்கு நான்கு வீட்டுப் படுக்கைவிரிப்பு
அறுபதில் தோய்க்கிறவள் அவள்.
அந்தப் பிள்ளைகளுக்கு முட்டு இல்லையாம்.
அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.
பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
தண்ணி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டோம்.

கரடிப் பொம்மையைப் பையில் கட்டி
ஐஸ்பெட்டியில் சூடை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஒரு இரவு உறைந்தால் எல்லாம் செத்துவிடும்.
யதுஷிகா பத்துத்தரம் போய்த் திறந்து பார்த்தாள்.
அப்பா, பூச்சி சாகேக்க
கரடிக்கு நோகுமா?
குளிரும் என்றேன்.
காலுறை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.
ஒன்றுதான் கிடைத்ததாம்.

மிஞ்சியது தலையணை.
இலவம் பஞ்சு. இரண்டு வருஷமாக
சுவரோடு சேர்த்து அவள் பக்கத்தில்
அப்படியே வைத்திருந்தேன்.
உறையை மாற்றினதில்லை.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
எட்டுக் கால்கள் இவ்வளவு நாளும்
அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்
தின்றுகொண்டிருந்திருக்கின்றன,
எனக்குப் பக்கத்திலேயே, சத்தமில்லாமல்.
கோபம் வந்தது.
பிறகு, என்னைவிட அவைதான்
ஒழுங்காகப் பசியாறின என்று தோன்றியது.

எறியத்தான் வேலியடிக்குக் கொண்டுபோனேன்.
குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும்.
வைத்துவிட்டுக் கைகழுவித் திரும்பினால்
மைதானத்துப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
உறையின் மூலையைப் பற்றி
அவசரமில்லாமல் மென்றுகொண்டு நிற்கிறது.
இந்த ஊர் மான்கள் அட்டைப்பெட்டி தின்னும்,
சோற்றுப்பார்சல் தாள் தின்னும்.
சூ என்றேன். நிமிர்ந்து பார்த்தது.
பஞ்சு ஒட்டிய வாயோடு
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றது.
விட்டுவிட்டேன்.

இரவு வேலையால் வந்து
முதலில் தலைமுழுகினேன். அது டொக்டர் எழுதாதது.
புதுத் தலையணையின் பிளாஸ்டிக் உறை
பிள்ளை திரும்பும்போதெல்லாம் சரசரக்கிறது.
அதற்கு அடியில் விசில் கேட்கிறதா என்று
காதை வைத்தேன்.
கொஞ்சம் இருக்கிறது. போன கிழமையைவிடக் குறைவு.
அல்லது கச்சான் நின்றதால்
அப்படிக் கேட்கிறதோ என்னவோ.

ஃபோனில் சுகந்தினி.
தலையணை? என்றாள்.
மான் தின்றுவிட்டது.
பொய் சொல்லாதையுங்கோ.
அவளுக்குப் பின்னால் மெஷின் சுற்றிச் சுற்றி
மெல்ல நின்றது.
இருங்கோ, விரிப்புகளை எடுத்துக் காயப்போட்டிட்டு வாறன்.

இருந்தேன்.