திருப்பித் தரப்படும்

காகிதப்பட்டறையில் டைப் செய்கிறேன்,
பதினோரு வருஷமாக.
கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
வேலைக்கு ஆட்கள் தேவை.
கடைசியதற்குத்தான்
ஆச்சரியக்குறி நிறையப் போடச் சொல்வார்கள்.

அந்த ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
கையில் இரண்டு போன், ஒன்றில் மட்டும் சார்ஜ்.
கம்பெனி பெயரை மூன்று தடவை மாற்றினான்,
பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவன் மாதிரி
ஃபேனைப் பார்த்துக்கொண்டு.
கடைசியில் ஏதோ ஒரு குளோபலில் வந்து நின்றது.

என்ன வேலைன்னு போடட்டும்?
"ஆபீஸ், பேக்கிங், சூப்பர்வைசர்,
எல்லாத்தையும் போடுங்க மேடம்."
சம்பளம்?
"பதினெட்டாயிரத்துலேர்ந்து முப்பத்தஞ்சு."
எட்டாவது பெயிலுக்கும் அதே, டிகிரிக்கும் அதே.
விலாசம்?
"புது பஸ் ஸ்டாண்ட் எதிரில்."
எதிரில் என்றால்
பரோட்டாக் கடை இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது,
ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள்
பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
கதவு எண்?
"நம்பர் வேணாம். போன் பண்ணா
நாங்களே வந்து கூட்டிப்போம்."

அடியில், எறும்பு சைஸில்:
பதிவுக் கட்டணம் ரூ. 1,500, திருப்பித் தரப்படும்.
அச்சகத்தின் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னான்.
எடுத்தேன்.
எட்டு பாயின்ட்டை ஆறாக்கியதும் நான்தான்.
மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து, இரண்டாயிரம் பிரதி.
நன்றாகத்தான் வந்திருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து யுவஸ்ரீ வந்தாள்,
அணைக்கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக.
பயோடேட்டா பத்து காப்பி.
பி.காம்., டேலி, தட்டச்சு லோயர்.
ஃபைலுக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு ஓரம்
எட்டிப் பார்த்தது.
என் கட்டம். என் எழுத்து. என் ஆறு பாயின்ட்.

வாயில் ஒன்றும் வரவில்லை.
அந்த நம்பருக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.
என் குரல் அவனுக்கு ஞாபகமில்லை.
"வாழ்த்துகள், நீங்க செலக்ட்" என்றான்.
பெயர் கேட்கவில்லை.
படிப்பு கேட்கவில்லை.
அஞ்சு மணிக்குள்ள பணம் போட்டாத்தான் சீட்டு என்றான்.
எதுக்குங்க செலக்ட்?
"அதெல்லாம் நேர்ல."

யுவஸ்ரீ ஜெராக்ஸ் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நேத்தே ஐந்நூறு போட்டுட்டேன்க்கா.
மீதிக்குத்தான் அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன்."
அதற்குள் பத்தாவது காப்பி வெளியே வந்து விழுந்தது,
சூடாக.

என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே
ஆம்பூர் ஷூ கம்பெனி நோட்டீஸ் ஒன்று,
புரூஃப் பார்க்கக் கிடந்தது. கறுப்பு வெள்ளை.
கணக்கர் ஒருவர். பதினோராயிரம்.
முதல் மூன்று மாதம் தற்காலிகம்.
சில ஞாயிறும் வர வேண்டியிருக்கும்.
வாகன வசதி கிடையாது.
நேரில் கேட்க: இம்தியாஸ், இரண்டாவது கேட்.
தலைகீழாகவே படித்தாள்.
"வண்டி இல்லன்னு அவங்களே போட்டிருக்காங்க" என்றாள்.
விரல் அந்த வரியிலேயே இருந்தது,
கண்ணாடிமேல் ஒரு ஈரப்புள்ளி.

போனாளா, கிடைத்ததா, தெரியாது.
காப்பிக்கு இருபது ரூபாய்; வாங்கவில்லை.
நான் வாங்கியது அதைவிடக் கூட.

அந்த ஆள் கடைசிக் கட்டை எடுக்க வரவேயில்லை.
முந்நூறு தாள்.
முதலாளி தயாளன் தாளை வீணாக்குகிறவர் இல்லை;
பின்பக்கத்தில் பில் எழுதுகிறோம்.

நேற்று ஒருவர், மழிக்காத முகம்,
அப்பாவின் கண்ணீர் அஞ்சலிக்கு
முன்பணம் கட்டிவிட்டு பில்லை வாங்கினார்.
வாசல்வரை போனார்.
நின்றார். தாளைப் புரட்டினார்.
உதடு அசையப் படித்தார்.
வந்து, என்னிடமே திருப்பித் தந்து கேட்டார்:

"இந்த வேலை இன்னும் இருக்குதாம்மா?"