கைகளை எண்ணுகிறவன்

ரெசிஃபே மாநகராட்சியில் எனக்குக்
கைகளை எண்ணும் வேலை.
சம்பளப் பட்டியலில் அதற்கு வேறு பெயர்.

குன்றின் அடியில் பள்ளிக்கூடம்.
எண்பது நாற்காலி, நூற்றிருபதுக்கு மேல் ஆட்கள்.
மேயர் வரவில்லை, அவர் கையெழுத்து வந்திருந்தது.
இந்த ஆண்டுப் பணம் ஒரு வேலைக்குத்தான்:
ஏறிப் போகக் கைப்பிடி வைத்த படிகளா,
மண் சரியாமல் தாங்கும் சுவரா?

படிகள் கேட்டவர் எடிவால்டோ,
கேஸ் சிலிண்டர் சுமக்கிறவர்.
பேசவில்லை.
சட்டையை விலக்கித் தோளைக் காட்டிவிட்டு
உட்கார்ந்துகொண்டார்.

சுவர் கேட்டவள் ஜாந்திரா.
நீங்கள் சரிவில் போர்த்திய கறுப்பு பிளாஸ்டிக்
ராத்திரியெல்லாம் படபடக்கிறது,
யாரோ கைதட்டுகிற மாதிரி, என்றாள்.
சிலர் சிரித்தார்கள். அவளும்.

எண்ணினேன்.
படிகளுக்கு அறுபத்து நான்கு.
சுவருக்கு அறுபத்திரண்டு,
ஜாந்திரா இரண்டு கையையும் தூக்கியிருந்ததால்.
ஒன்றை இறக்குங்கள் என்றேன்.
எதை, என்று கேட்டாள்.

அறுபத்தொன்று என்று எழுதினேன்.
அவள் கேள்விக்குப் படிவத்தில் கட்டமில்லை.

ஏழு மாதத்தில் படிகள் வந்தன.
நீலப் பெயிண்ட் அடித்த கைப்பிடி.
கடைசி ஆறு படிகளை உயரம் கூட்டிக் கட்டி
ஒப்பந்தக்காரர் சிமெண்ட் மிச்சம் பிடித்ததை
எடிவால்டோவின் முழங்கால் கண்டுபிடித்தது.
அந்தப் புகாரையும் நான்தான் எழுதிக்கொண்டேன்.

ஜூனில் மழை.
ஒரு விடிகாலை ஜாந்திராவின் சமையலறை
அதிகம் சத்தமில்லாமல்
கீழ்வீட்டு முற்றத்துக்குக் குடிபோனது.
அவளும் மகனும் இருட்டில்
கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கி வந்தார்கள்.

"படிகள் உயிர் காத்தன"
என்றது மறுநாள் மாநகராட்சி அறிக்கை.
பொய்யில்லை. நான் எழுதிக் கொடுத்ததுதான்.
மதியம் முள்கரண்டி பிடித்த கையை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் ஆள் ஜாந்திரா.
தூரமில்லை,
அதே பள்ளியில், மூன்றாம் வகுப்பறையில்தான்
அவர்களைத் தங்க வைத்திருக்கிறோம்.
போன தடவை நாற்காலி போதவில்லையே என்று
சேற்றிலிருந்து மீட்ட தன்னுடையதைத்
தூக்கி வந்திருந்தாள்.
ஒரு கால் ஆடியது.
அடியில் செருக ஏதாவது தாள் உண்டா என்றாள்.

என்னிடம் இருந்தது
போன ஆண்டுத் தீர்மானத்தின் நகல்.
நான்காக மடித்து வைத்தாள்.
உட்கார்ந்து பார்த்தாள்.
எழுந்து, எட்டாக மடித்தாள்.