எடைமேடை, இரவுப் பணி

தாழையூத்துக்குத் தெற்கே எடைமேடை.
பத்து மணிக்கு மேல்
சுண்ணாம்புக்கல் லாரி இருபது நிமிடத்துக்கு ஒன்று.
நடுவில் கிடைக்கிற பதினெட்டு நிமிடத்தில்
கைபேசிக்குள் குதிரை தாவும்.

கவைப்பிடி என்று நானே பெயர் வைத்தேன்:
ஒரே குதிரை, ராஜாவுக்கும் யானைக்கும் ஒருசேர.
அதில் மட்டும் ஆயிரத்து நானூறு புதிர் போட்டாயிற்று.
இப்போது தேட வேண்டியதில்லை,
கோயில் வாசலில் நம் செருப்பு தெரிகிற மாதிரி
அதுவாகத் தெரியும்.

காத்திருந்து ஆட வராது எனக்கு.
மூன்றாம் நகர்த்தலுக்குள் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட வேண்டும்.
கிங்ஸ் காம்பிட், பன்னிரண்டு கிளை,
பழைய டிரிப் ஷீட்டின் முதுகில் எழுதி வைத்திருக்கிறேன்.
"என்னம்மா, ராத்திரி பூரா யாரு கூட சண்டை?"
சீட்டு வாங்கும்போது கொம்பையா அண்ணன் கேட்பார்.
"தெரியலண்ணே. பெல்கிரேடு பக்கமாம்."

ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டை,
ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை.
மேசையை விட்டு சாம்பார் மணம் போகவில்லை.
முப்பிடாதி, வயது முப்பத்துநாலு, ரேட்டிங் சுழி.
எதிரே ஷெரின் ஜெபமலர், ஐந்தாம் வகுப்பு,
கால் தரைக்கு எட்டவில்லை.

பதினோராம் நகர்த்தலில் அந்தப் படம் வந்தது.
கோட்டைக்குள் ராஜா, காவலுக்குக் குதிரை இல்லை.
மந்திரியை எச்-ஏழில் கொடுத்தேன்.
ராஜா தின்றது.
குதிரை ஜி-ஐந்து, செக்.
ராஜா ஒதுங்கியது. ராணி எச்-ஐந்து.
எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்,
அவ்வளவு நிச்சயம்.

திரும்பி வந்தால்
அவளுடைய மந்திரி எஃப்-ஐந்தில் உட்கார்ந்திருக்கிறது.
நான் பார்த்த படங்களில் எல்லாம்
அந்த வழி அடைத்தே இருந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் இரவு.
கொம்பையா அண்ணன் காலி வண்டி, 9,840.
விரல் தானாக அடிக்கப் போனது,
ஐந்து வருஷமாக அதுதானே.
நிறுத்தினேன். சிவப்பு எண் அடங்கட்டும் என்று இருந்தேன்.
9,910.
"கேபினுக்குள்ள யாருண்ணே?"
"மச்சினன்மா. தூங்குதான்."

அவனை எழுப்பி இறக்கி, மறுபடி எடை போட்டுச்
சீட்டைக் கிழித்தேன்.
அடுத்த லாரிக்குப் பதினோரு நிமிடம்.
ஈ-நான்கு.
எங்கிருந்தோ யாரோ ஈ-ஐந்து.
எஃப் சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளினேன்.