ஐம்பது சத மனுக்கள்

பதுளைக் கச்சேரி வாசலில்
என் மேசைக்கு மூன்று கால். நாலாவது, செங்கல்.
மனு ஒன்றுக்கு ஐம்பது சதம்,
முத்திரைக் காசு புறம்பு.

ஐம்பதாம் ஆண்டு, ஐப்பசி,
மழை விட்ட ஒரு காலை
ஹப்புத்தளை ரயிலில் வந்து இறங்கினார்
லிண்டன்ரோடா இளவரசர் எகோன்.
கக்கத்தில் தோல் உறை, கையில் இரண்டு கோவா.
கோவா எனக்கு. கூலியில் கழிக்கச் சொன்னார்.

லிண்டன்ரோடா எங்கே என்று கேட்டேன்.
காலையில் குதிரை ஏறினால்
மத்தியானச் சோற்றுக்குள் முடிந்துவிடும் நாடாம்.
முடிசூட அவருக்கு முன்னால் பதினாறு பேர்.
பதினாறு பேரும் நல்ல தேகசுகம்.
அதனால் தேயிலை பழகக் கப்பலேறினார்.
முதல் சண்டை முடிந்தபோது நாடே இல்லை.
இரண்டாம் சண்டையில் தியத்தலாவை முள்வேலிக்குள்
இல்லாத அந்த நாட்டின் எதிரியாக இருந்தார்.
வயசாளி என்று விட்டபிறகு
அரை ஏக்கரில் லீக்ஸ், கோவா.

உறையிலிருந்து எடுத்து விரித்தார்:
கிளைகிளையாய் ஒரு மரம், பன்னிரண்டு தலைமுறை,
அடியில் தூங்குகிற சிங்கம்.
மேசை போதவில்லை.
முறைக்குக் காத்திருந்த சிட்டம்மா
தொங்கிய ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவளிடமும் ஒன்று இருந்தது,
முந்தானை முடிச்சில், நாலாய் மடித்த துண்டு.
அவள் பாட்டன் தோட்டம் மாறியபோது
பெரிய கங்காணிக்கு நின்ற கடன்
நாற்பத்திரண்டு ரூபாய் முப்பது சதம்.
பாட்டன் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை.

இளவரசர் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.
"கட்டியாச்சா?"
"எங்கப்பன் கட்டினாரு, துரை."
"எங்க மரத்துல ஒருத்தனும் கட்டல" என்றார்.
சிரிக்கவில்லை.

இரண்டு மனு எழுதினேன்.
'இத்தீவே என் நிரந்தர வசிப்பிடம்',
இரண்டிலும் ஒரே வாசகம்.
அவர் மோதிரத்தை அரக்கில் பதிக்கப் பார்த்தார்.
கிளாக்கர், அதெல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றார்.
அவள் பெருவிரல் வைத்தாள்.
கொழுந்துக் கறையில் ரேகை தெளிவில்லை,
கழுவிவிட்டு வரச் சொன்னார்கள்.
கழுவினாள். போகவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பதில்.
அச்சடித்த தாள், பெயருக்கு மட்டும் புள்ளிக்கோடு.
போதிய அத்தாட்சி இல்லை.
இருவருக்கும்.

ஐம்பத்துமூன்றில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.
மரணம் பதிய வந்தவள் சிட்டம்மா.
எந்த நாட்டவர் என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ஒரு கோடு போட்டது.
தொழில், இளவரசர் என்றேன்.
பதிவுகாரர் என்னை முறைத்துவிட்டு
கோவாச் செய்கை என்று எழுதினார்.
"செத்தவர் உனக்கு என்ன முறை?"

அவள் யோசித்தாள்.
"ஒரே மாதிரிக் கடுதாசி வந்தவங்க."

அதற்குக் கட்டம் இல்லை.
அயல் என்று போட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்கும் ஐம்பது சதம் வாங்கினேன்,
அவர் கொல்லையிலிருந்து அவள் பிடுங்கி வந்த
கோவாவையும்.