உலரும் நேரம்

திங்கட்கிழமை பேனா கழுவும் நாள்.
கருவிகள் கழுவும் அதே தொட்டியில்
நீர் முதலில் கருநீலம்,
பிறகு விடிகாலை,
பிறகு சும்மா தண்ணீர்.
"நீல ரத்தம் ஓடும் எதையோ கொன்றிருக்கிறீர்கள் டாக்டர்"
என்கிறாள் க்வேட்டா.
குடற்புழு மாத்திரைக் கம்பெனி இலவசமாய்த் தந்த
பால்பாயின்ட் அவளுக்குப் போதும்.
பாதிச் சொல்லில் நின்றால் இரண்டு உதறு,
அப்புறம் குப்பைக்கூடை.

எனக்கு இடதுகை.
எழுதியதை எழுதிய கையே
துடைத்துக்கொண்டு போகும்.
தெரிந்தேதான் வாங்கினேன்,
லூப்லியானாவில் ஒருத்தி சமையலறையில் கலக்கும்
'நனைந்த கூரை' என்ற மையை.
சாம்பலோடிய நீலம்.
விளக்கில் சாய்த்தால் மட்டும்
எழுத்தோரத்தில் செம்பு மின்னும்.
உலர இருபத்தெட்டு நொடி.
தடுப்பூசி அட்டையின் வழவழப்பில் நாற்பது.

சுண்டுவிரலின் வெளிப்புறம் எப்போதும் நீலம்.
"கதவிடுக்கில் நசுங்கியதா?" என்பார்கள் நாய்க்காரர்கள்.
ஆமாம் என்றுவிடுவேன்.
உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால்
வரிசை வாசல்வரை நீளும்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை,
ப்ர்னோ ரயில் நிலையத்தின் பின்புறம்,
பீர்க்கடையின் மூலைமேசையில் எட்டுப் பேர்.
யாரும் யார் வேலையையும் கேட்டதில்லை.
நிப்பு என்ன அகலம்,
மலிவுத் தாளில் மை பூக்கிறதா, இவ்வளவுதான்.
கட்டைவிரல் உயரக் குப்பிகளில்
ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொள்வோம்.
போன முறை ஒருவர் பச்சையைக் கொட்டி
மேசைக்கே பெயர் வைத்துவிட்டார்: குளம்.

நவம்பர். ஐந்து மணிக்கே இருட்டு.
ஹினெக் என்று ஒருவர்,
எட்டாம் எண் டிராம் ஓட்டுநர்,
சீருடைக் கோட்டுக்குள் பூனையோடு வந்தார்.
பெயர் ரோஹ்லிக்.
குழந்தைகள் கையில் கொடுக்கும் நீளரொட்டியின் பெயர்.
பதினாறு வயது. இரண்டு கிலோ நூறு.
சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன.
ரத்த அறிக்கையை நான் இரண்டு தரம் படித்தேன்.
அவர் ஒரு தரம்கூடப் படிக்கவில்லை.

முடிந்தது.

படிவம் மிச்சமிருந்தது.
இனம், நிறம், எடை, நேரம்.
காரணம் என்ற கட்டம் மட்டும்
எப்போதும் சிறியதாகவே அச்சாகிறது.
எழுதினேன். அவர் பக்கம் திருப்பினேன்.

அநேகம் பேர் ஈரத்தோடே மடித்துவிடுவார்கள்.
மறுநாள் போனில்,
"டாக்டர், தேதி அழிந்துவிட்டது."
இவர் கையை மடியிலேயே வைத்திருந்தார்.
எழுத்துகள் பளபளவென்று கிடந்தன.
ஐந்து, ஆறு, ஏழு.
இரண்டு பேரும் தாளையே பார்த்தோம்.
பேச வேண்டியிருக்கவில்லை.
தாளுக்குத்தானே வேலை இருந்தது.

"செம்பு" என்றார்.
வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல்.

உள்பையிலிருந்து ஒரு பேனா எடுத்தார்.
மூடி முழுக்கப் பல்தடம்.
"இவன்தான்" என்றார்.
கிறுக்கிப் பார்த்தார், கீறல்தான் விழுந்தது.
மூன்று வாரமாய் எழுதவில்லையாம்.
எழுத வேண்டியதெல்லாம்
எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிட்டான் என்பதாம்.
சாப்பிடவில்லையாம்.

காலி மைக்குழாயை வாங்கிக்கொண்டு
சிரிஞ்சுக்காக இழுப்பறையைத் திறந்தேன்.
அதே பெட்டி.
இரண்டு மில்லி, உறை பிரிக்காதது.
பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.
அவர் பார்த்தார்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
மொட்டை ஊசி மாட்டி
குப்பியிலிருந்து மெதுவாக இழுத்தேன்.
காற்றுக் குமிழைத் தட்டி மேலேற்றினேன்.
அது கைப்பழக்கம்.
நிறுத்த முடியவில்லை.

அவர் பேனாவால் அவரே கையெழுத்திட்டார்.
தடித்த நிப்பு, தாராளமாக ஒழுகுவது.
மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.
வெளியே டிராம் ஒன்று வளைவில் கிறீச்சிட்டது.
"பன்னிரண்டு. நாலு நிமிடம் தாமதம்" என்றார்
தாளிலிருந்து கண்ணெடுக்காமல்.

க்வேட்டா ரசீது எழுதினாள்.
பரிசோதனை. மருந்து. எரியூட்டும் செலவு.
நடுவில் பேனாவை இரண்டு தடவை உதறி
நாலாவது வரியில்
மை, 2 மி.லி. என்று எழுதி
விலைக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள்.
அது உடனே உலர்ந்துவிட்டது.